மகலனோபிஸ் போட்ட கணக்குகள்

நம் பயிற்சி நூல்களில் வரும் புள்ளியியல் கணக்குகளுக்கென்று ஒரு தனி உலகம் உண்டு. அங்கே ஒரு பையில் எப்போதும் ஐந்து சிவப்புப் பந்துகளும் மூன்று நீலப் பந்துகளும் இருக்கும். முத்துவும் அலியும் ஆ சோங்கும் ஓயாமல் மாம்பழங்களை நிறுத்துக்கொண்டிருப்பார்கள். சராசரி எடை தெரிந்து முத்து என்ன செய்யப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது ஒரு நாளைக்கு இருபது கணக்காவது போட்டாக வேண்டும். விடை நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். சரி பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம்.

பயிற்சிக் கணக்குகளை நான் குறை சொல்ல வரவில்லை. தஞ்சோங் ரம்புத்தானில் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம் என்று வந்த எனக்குப் புள்ளியியல் கைவந்ததே கணக்குப் போட்டுப் போட்டுத்தான். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு சூத்திரத்தின் தலையில் மகலனோபிஸ் என்ற பெயரைப் பார்த்து, அவர் யாரென்று தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. அவரும் கணக்குப் போட்டுத்தான் புள்ளியியல் கற்றார். அவருக்கு அதைக் கற்பிக்க வகுப்பு இல்லை, விரிவுரையாளர் இல்லை. ஆனால் அவர் போட்ட ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். விடைக்காக யாரோ காத்திருந்தார்கள். அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அவருடைய வாழ்க்கையே சொல்கிறது.

தவறவிட்ட இரயில்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜத்தில் ஊறிய குடும்பம். கவி இரவீந்திரநாத் தாகூரோடு அவருக்கு இளமையிலேயே பழக்கம் ஏற்பட்டது. பிற்காலத்தில் தாகூரின் விசுவபாரதிக்குப் பத்து ஆண்டுகள் செயலாளராகவும் இருந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1912இல் பட்டம் பெற்றார்.

1913இல் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது இலண்டனில் படிப்பதுதான் திட்டம். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்து மயங்கி நின்றதில் திரும்பும் இரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு தென்னிந்திய நண்பர் ஒருவரோடு தங்க நேர்ந்தது. இவ்வளவு பிடித்திருந்தால் இங்கேயே சேரலாமே என்று நண்பர் தூண்ட, மகலனோபிஸ் கிங்ஸ் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். 1915இல் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறினார்.

அந்த ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் இன்னோர் இந்தியரும் இருந்தார். கும்பகோணத்தில் வளர்ந்து 1914இல் அங்கு வந்து சேர்ந்த இராமானுஜன். இருவரும் நண்பர்களானார்கள். குளிரில் இராமானுஜன் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்தியபடி படுத்து நடுங்குவதை அறிந்த மகலனோபிஸ், படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. விரிப்புக்கு அடியில் அவற்றை மடித்துச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ஊருக்குப் புதியவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் செய்து காட்டினார்.

இன்னொரு நிகழ்ச்சி புகழ் பெற்றது. ஓர் ஆங்கில இதழில் வந்த புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்ட, இராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள் இருந்தால் அந்த வீட்டின் எண் என்ன? சிறிய தெரு என்றால் நாமே போடலாம். எட்டு வீடுகள் உள்ள தெருவில் விடை ஆறாம் வீடு. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் கூட்டினால் 15. மகலனோபிஸ் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடை கண்டார். 288 வீடுகள், அதில் 204ஆம் வீடு. இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலேயே எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து ஒரே தொடர்பின்னத்தை விடையாகச் சொன்னார்.

இதைப் படிப்பவர்கள் இராமானுஜனை வியந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு மகலனோபிஸின் பக்கம்தான் பார்வை போகிறது. அவர் நம்மைப் போலவே எண்களைப் போட்டுப் பார்த்தவர். ஒரு நாட்டின் புள்ளியியலையே கட்டி எழுப்பியவருக்கு, கேட்ட மாத்திரத்தில் விடை தோன்றும் வரம் வாய்க்கவில்லை. பொறுமை வாய்த்திருந்தது.

கப்பலில் ஒரு நூலகம்

தேர்வு முடிந்ததும் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்ய ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன் சிறு விடுமுறைக்கு ஊர் திரும்ப நினைத்தார். முதல் உலகப் போர்க் காலம். கப்பல் தாமதமானது. காத்திருந்த நாள்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தார். ஆசிரியர் மெக்காலே அங்கிருந்த பயோமெட்ரிக்கா என்ற ஆய்விதழின் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களின் அளவுகளை எண்களால் ஆராய்வதற்காகக் கார்ல் பியர்சனும் நண்பர்களும் 1901இல் தொடங்கிய இதழ் அது. மகலனோபிஸ் முழுத் தொகுப்பையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். வழியெல்லாம் அதையே படித்தார். கல்கத்தாவில் இறங்கியபோது அவர் இயற்பியல் பட்டதாரிதான். ஆனால் மனம் வேறு பக்கம் சாய்ந்துவிட்டது.

விடுமுறை முடிந்து திரும்பவும் இல்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அதன் பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக அவரைத் தேடி வந்தன.

தேர்வுத்தாளும் உடல் உயரமும்

முதலில் வந்தவர் அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். 1917 வாக்கில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து தரும்படி அவர் மகலனோபிஸிடம் கேட்டார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சராசரி சொல்வதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஒரு வகுப்பில் ஐந்து மாணவர்கள். மதிப்பெண்கள் 48, 49, 50, 51, 52. இன்னொரு வகுப்பிலும் ஐந்து பேர். மதிப்பெண்கள் 10, 30, 50, 70, 90. இரண்டு வகுப்புக்கும் சராசரி 50தான். தலைமையாசிரியர் சராசரியை மட்டும் கேட்டால் இரண்டு வகுப்பும் ஒன்றுதான் என்று முடிவு செய்வார். தேர்ச்சி மதிப்பெண் 40 என்றால் முதல் வகுப்பில் எல்லாரும் தேர்ச்சி. இரண்டாவதில் இருவர் தோல்வி. ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் கிடைக்கும். முதல் வகுப்புக்கு அது ஏறக்குறைய 1.4. இரண்டாவதற்கு 28.3. சராசரி மறைத்து வைத்த இரண்டு பிள்ளைகளைத் திட்ட விலக்கம் காட்டிக் கொடுக்கிறது. நமக்கு இது தேர்வில் நான்கு மதிப்பெண் கேள்வி. மதிப்பெண் பட்டியலை வைத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையை முடிவு செய்பவர்களுக்கு இது அதைவிடப் பெரிய கேள்வி.

அடுத்த கேள்வி 1920இல் நாக்பூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் கிடைத்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் அன்னண்டேல், கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை ஆராயத் தெரிந்தவர் தேவைப்பட்டார். 200 ஆண்களின் உயரத்தை ஆராய்ந்து 1922இல் மகலனோபிஸ் வெளியிட்ட கட்டுரையே புள்ளியியலில் அவருடைய முதல் கட்டுரை.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்று வளர்ந்தது. இரண்டு மக்கள் கூட்டங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அறிய உயரம், கை நீளம், தலை அகலம் என்று பலவற்றை அளக்கலாம். ஆனால் உயரமானவருக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனி வேறுபாடாகக் கணக்கில் சேர்த்தால் ஒரே செய்தியை இரண்டு முறை எண்ணுகிறோம். இந்த இரட்டை எண்ணிக்கையைக் களைந்துவிட்டு உண்மையான இடைவெளியை அளக்கும் முறையை அவர் உருவாக்கி, 1936இல் அதன் முழு வடிவத்தை வெளியிட்டார். அதுதான் நாம் பாடத்தில் படிக்கும் மகலனோபிஸ் தொலைவு. அக்காலத்தில் மனித இனங்களை வகைப்படுத்த அது பயன்பட்டது. இன்று அந்த வகைப்படுத்தலையே அறிஞர்கள் ஏற்பதில்லை. தொலைவு மட்டும் நிலைத்துவிட்டது. கூட்டத்தோடு ஒட்டாத தரவு எது என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

ஆற்றின் படுகை உயர்ந்ததா?

1922 முதல் 1926 வரை அவர் கல்கத்தா அலிப்பூர் வானிலை ஆய்வகத்திலும் பொறுப்பில் இருந்தார். 1922இல் வட வங்காளத்தில் பெரும் வெள்ளம். நீரைத் தேக்கி நிறுத்தப் பெருஞ்செலவில் தேக்கங்கள் கட்டலாம் என்று பொறியியலாளர்கள் கருதினார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் மழை, வெள்ளப் பதிவுகளை மகலனோபிஸ் அலசினார். தேக்கங்களால் பயனில்லை, வந்த நீர் விரைந்து வடிய வழி செய்வதுதான் தேவை என்று காட்டினார்.

1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, அதனால் கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றார்கள். கேட்டவுடன் சரியென்று தோன்றும் விளக்கம். வெள்ளம் வந்த மறுநாள் எல்லாருடைய வாயிலும் ஒரு காரணம் இருக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலாமில் வீடுகள் மூழ்கியபோது நாமும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஆனால் ஒரு பெரிய வெள்ளம் ஒரே ஒரு புள்ளிதான். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாது. மகலனோபிஸ் அறுபது ஆண்டுகளின் பதிவுகளை எடுத்து வைத்துப் பார்த்தார். படுகை உயர்ந்ததற்குச் சான்றில்லை. வெள்ளத்திற்குக் காரணம் மேற்பகுதியில் பெய்த மிகை மழை. ஆகவே கரையை உயர்த்துவதைவிட மேலே அணை கட்டி நீரைக் கட்டுப்படுத்துவதும் அதிலேயே மின்சாரம் எடுப்பதும் நல்லது என்று எழுதினார். பிறகு மகாநதியில் எழுந்த ஹிராகுட் அணைக்கு அவருடைய ஆய்வும் ஒரு முன்னோடி.

இந்தக் கணக்கின் சொந்தக்காரர்கள் ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள். விடை தவறியிருந்தால் கரை உயர்ந்திருக்கும், வெள்ளமும் வந்திருக்கும்.

ஒரு பானை சோறு

இந்த வேலைகளெல்லாம் பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் துறையில் அவருடைய அறையில்தான் நடந்தன. சில இளைஞர்கள் பகுதி நேரமாக உடன் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அந்த அறையிலிருந்து 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. முதல் ஆண்டில் அதன் மொத்தச் செலவு 250 ரூபாயைத் தாண்டவில்லை. 1933இல் சாங்கியா என்ற ஆய்விதழும் தொடங்கியது.

அவருக்குப் பெரும் புகழ் தந்த கணக்கு 1937இல் வந்தது. வங்காளத்தின் முக்கிய ஏற்றுமதி சணல். எத்தனை ஏக்கரில் சணல் பயிராகிறது, எவ்வளவு விளையும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதுவரை ஊர் அலுவலர்கள் குத்துமதிப்பாகச் சொன்னதைத்தான் கூட்டி எழுதினார்கள். வயல் வயலாகப் போய் எண்ணலாம் என்றால் ஆள்பலமும் பணமும் மலைக்க வைக்கும். மகலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பை முன்வைத்தார். நில வரைபடத்தில் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் போய் அளப்பது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். ஆனால் அந்தப் பழமொழிக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. பானை நன்றாகக் கிளறப்பட்டிருக்க வேண்டும். அடிப்பிடித்த பானையின் மேல் பருக்கையை எடுத்துப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. என் பாட்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் கொட்டகையில் ஒவ்வொருவரின் பாலிலிருந்தும் சிறிது எடுத்து, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்களாம். அந்தச் சிறிதளவு பால்தான் அன்றையச் சம்பளத்தை முடிவு செய்யும். வாளியைக் கலக்கிவிட்டு எடுத்தார்களா, கலக்காமல் எடுத்தார்களா என்று எல்லாருடைய கண்ணும் அதிலேயே இருக்கும் என்று பாட்டி சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு மாதிரியெடுப்பின் முதல் விதி தெரிந்திருந்தது. மாதிரி எவ்வளவு பெரியது என்பதைவிட அது எப்படி எடுக்கப்பட்டது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இது தெரியும். தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று அது ஹாஸ்பிட்டல் பகாகியா உலு கிந்தா. ஊர்ப் பெயரைச் சொன்னாலே இந்நாட்டில் பலருக்குச் சிரிப்பு வரும். ஊரில் பள்ளிகள் உண்டு, கோயில் உண்டு, சந்தை உண்டு. அந்த மருத்துவமனையிலோ நோயுற்றவர்களும் அவர்களைக் காக்கும் தாதியரும் உண்டு. ஒரு வாசலை மட்டும் பார்த்து, அதையும் சரியாகப் பார்க்காமல், ஓர் ஊரையே எடை போடுவதைவிடப் பழுதான மாதிரி வேறில்லை.

மகலனோபிஸ் பழுது எங்கெல்லாம் நுழையும் என்று தேடித் தேடி அடைத்தார். பெரிய கணக்கெடுப்புக்கு முன் சிறிய முன்னோட்டக் கணக்கெடுப்பு நடத்தினார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டார். அவை நெருங்கி வந்தால் நம்பலாம். விலகினால் எங்கோ தவறு. விளைச்சலை அளக்க வயலில் சிறு வட்டம் போட்டு அறுத்தால், ஓரத்தில் நிற்கும் செடிகளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் கை, விளைச்சலைக் கூட்டிக் காட்டிவிடும் என்பதும் தெரிய வந்தது. அலுவலர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் அவர் கணக்கில் சேர்த்தார். இருக்கிற பணத்தில் எத்தனை இடங்களை அளந்தால் தவறு குறையும் என்பதும் ஒரு கணக்குத்தானே!

முடிவு வியப்பளித்தது. 1940களில் ஒரு பருவத்தில் மாதிரிக் கணக்கெடுப்பு ஏறக்குறைய 75 இலட்சம் பொதி சணல் என்றது. வயல் வயலாக எண்ணிய முழுக் கணக்கெடுப்பு 63 இலட்சம் என்றது. வணிகர்களின் கைக்கு வந்து சேர்ந்த அளவைப் பார்த்தபோது, அது 75 இலட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. சிலவற்றைக் கவனமாக அளந்தது, எல்லாவற்றையும் அவசரமாக எண்ணியதை வென்றுவிட்டது. செலவும் பத்தில் ஒரு பங்குதான்.

பஞ்சத்தின் கணக்கு

1943இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம். இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சம் ஓய்ந்த பிறகு 1944, 1945 ஆண்டுகளில் மகலனோபிஸும் அவருடைய குழுவினரும் 386 கிராமங்களில் 15,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை விற்றார்கள், யார் கையேந்தும் நிலைக்கு வந்தார்கள் என்று தொழில்வாரியாகக் கேட்டு எழுதினார்கள்.

வங்காளமே பட்டினி கிடந்தது என்று சொல்வது ஒரு சராசரி. கணக்கு வேறு கதை சொன்னது. விவசாயக் கூலிகளும் மீனவர்களும் நெல் குத்திப் பிழைத்தவர்களும் நொறுங்கிப் போனார்கள். நிலம் வைத்திருந்தவர்களில் பலர் தப்பினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு பொருளியல் அறிஞர் அமர்த்திய சென், பஞ்சம் என்பது உணவு இல்லாமை மட்டுமல்ல, உணவை வாங்கும் வழி இல்லாமை என்று 1981இல் நிறுவியபோது இந்தக் கணக்கெடுப்பு அவருக்குக் கைகொடுத்தது. இறந்தவர்களை அது மீட்கவில்லை. ஆனால் அவர்கள் யார் என்பதை மறக்க விடவில்லை.

நாடு முழுவதும்

1945இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. விடுதலைக்குப் பின் நேருவின் அரசு அவரைப் புள்ளியியல் ஆலோசகராக்கியது. 1950இல் இந்தியத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. முதல் சுற்றிலேயே 1,833 கிராமங்களுக்குப் போனார்கள். இந்தியாவின் ஏழ்மையைப் பற்றி அதன்பின் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கெடுப்பின் எண்களில்தான் நின்றன. அதே 1950இல் கல்கத்தாவில் அனைத்துலகப் புள்ளியியல் கல்வி மையமும் தோன்றியது. தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா உள்ளிட்ட பகுதிகளின் அரசு அலுவலர்கள் அங்கே பயின்றார்கள்.

அவரிடம் வந்து சேர்ந்த இளைஞர்களும் பலர். 1941இல் வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்த சி.ஆர். ராவ், தங்கிய தென்னிந்திய விடுதியில் ஒருவர் சொல்லக் கேட்டுத்தான் இந்தக் கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் அவர் உலகின் முன்னணிப் புள்ளியியலாளர்களில் ஒருவரானார்.

மகலனோபிஸ் போட்ட கணக்குகளில் மிகப் பெரியது இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம். 1956இல் தொடங்கிய அத்திட்டம் அவருடைய கணித மாதிரியை ஒட்டிக் கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்தது. அதிகமாக விமர்சிக்கப்பட்ட கணக்கும் அதுதான். பொருளியலாளர் பி.ஆர். ஷெனாய் 1955லேயே மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தார். வேளாண்மை பின்தள்ளப்பட்டது என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. சணல் வயலில் இரண்டு குழுக்களை அனுப்பி ஒன்றை இன்னொன்றால் சோதிக்க முடிந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரத்திற்கு அப்படி இரண்டாவது குழு கிடையாது. அவருடைய முறை எங்கே வலிமையாக இருந்தது என்பதை இந்த வேறுபாடே விளக்குகிறது.

1968இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1972 ஜூன் 28ஆம் நாள், 79ஆம் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு, காலமானார். அவர் பிறந்த ஜூன் 29ஐ இந்தியா 2007 முதல் புள்ளியியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.

நம் கையிலுள்ள கணக்கு

இதைப் படித்த பிறகு, ஊரில் வார இறுதியில் நான் நடத்தும் சிறு வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். பயிற்சி நூலின் மாம்பழத்துக்குப் பதிலாக, வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒவ்வொருவரையும் குறித்து வரச் சொன்னேன். ஒன்பது பிள்ளைகள். நிமிடங்கள் 5, 6, 7, 8, 8, 10, 10, 11, 45. சராசரி 12 நிமிடத்துக்குச் சற்று மேல். வரிசையின் நடுவில் நிற்கும் எண் 8. அந்த 12 நிமிடம் வகுப்பில் ஒருவருக்கும் பொருந்தவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எட்டுப் பேருக்கு அது அதிகம். ஒருத்திக்கு அது மிகக் குறைவு. ஏன் உனக்கு மட்டும் 45 என்று மற்றவர்கள் அவளைக் கேட்டார்கள். தோட்டத்து வீட்டிலிருந்து வருகிறாள். அண்ணனை முதலில் இடைநிலைப்பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் அப்பாவின் மோட்டார்சைக்கிள் இவள் பள்ளிக்குத் திரும்புகிறது. அன்று கணக்கின் சொந்தக்காரி வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சராசரி எதை மறைக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு இனி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலேசியத் தமிழர்களைப் பற்றி எண்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை, படிப்பைப் பாதியில் விட்டவர்கள், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தவர்களின் வருமானம் என்று மேடைக்கு மேடை ஒரு விழுக்காடு கேட்கிறோம். கைதட்டுகிறோம், அல்லது கவலைப்படுகிறோம். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கத் தெரிந்தவர்களாக இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆண்டுதோறும் வெளியேறுகிறோம். பொருளியல், கணிதம், கல்வியியல், மருத்துவம் என்று எத்துறையானாலும் அடிப்படைப் புள்ளியியலைத் தொடாமல் நம்மில் பலர் பட்டம் பெறுவதில்லை.

எனவே நண்பர்களே, அடுத்த முறை நம்மைப் பற்றி யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் மூன்று கேள்விகள் கேட்போம். எத்தனை பேரைக் கேட்டு இந்த எண் வந்தது? அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? சராசரிக்குக் கீழே நிற்பவர் யார்? விடை கிடைக்கவில்லையென்றால் நாமே போய் எண்ணுவோம். நம் ஊரில், நம் பள்ளியில், நாலு தெருவில் தொடங்கலாம். மகலனோபிஸும் ஓர் அறையில்தான் தொடங்கினார்.